மேசை ஆட்ட ரசிகர் இதழில் என்ன போடலாம்? டர்பனில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி சனிக்கிழமைதோறும் ஆடத் தொடங்கிய நாங்கள், எங்கள் ஆட்டத்துக்கென்று ஒரு சின்னத் தமிழ் இதழும் போட ஆரம்பித்தோம். இதுவரை மூன்று இதழ் வந்திருக்கிறது. ஃபீனிக்ஸ், டோங்காட், இசிப்பிங்கோ பக்கமிருந்து "நாங்களும் ஒன்று போடப் போகிறோம்" என்று கூப்பிடுகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எங்களுக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

இது என்ன ஆட்டம்னு வீட்ல கேட்கிறாங்க அக்கா. சுருக்கமா எப்படிச் சொல்றது?

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். கதை நடத்துகிறவருக்கு கேம் மாஸ்டர் என்று பெயர். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து இந்த வகை ஆட்டம் அச்சில் வரத் தொடங்கியது. அடுத்த வருடமே ரசிகர் இதழும் வந்துவிட்டது. ஆடுகிறவர்கள் அவரவர் பக்கங்களைத் தாங்களே எழுதி அனுப்ப, லாஸ் ஏஞ்சலீஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி அவற்றைச் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் அனுப்பினார். நாம் செய்வதும் அதே வேலைதான்.

தாத்தா பாட்டிக்குச் சொல்வதென்றால் எனக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. இந்த நாட்டில் 'சிக்ஸ் ஃபூட் டான்ஸ்' என்று பெயர் வாங்கிய நம் தெருக்கூத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள். வேடம் கட்டி வருகிறவரை "நீ யார், எங்கே வந்தாய்?" என்று கட்டியங்காரன் கேட்பானே, கேம் மாஸ்டர் செய்வதும் அதுதான். நம் மேசைக் கூத்தில் பாட்டு எழுதி வைத்திருக்காது, அவ்வளவே வித்தியாசம்.

சரி, இதழ்ல என்னதான் போடுறது?

நாங்கள் எதை எடுத்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதழை வாங்கியவர் வருகிற சனிக்கிழமை இதை மேசையில் எடுத்து வைத்து ஆட முடியுமா? முடியுமென்றால் போடுகிறோம். முடியாதென்றால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, எழுதியவரிடம் "இதை ஆடுகிற மாதிரி மாற்றித் தாருங்கள்" என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்வியைத் தாண்டி எங்கள் முதல் இதழில் வந்தவை: ஒரே உட்காரலில் முடிகிற ஒரு சாகசம், அதற்கான வரைபடம், பகடை உருட்டிப் பார்க்கும் இரண்டு அட்டவணைகள், வழியில் சந்திக்கும் நான்கு மனிதர்கள், கடைசிப் பக்கத்தில் தமிழில் ஒரு பாத்திரத் தாள். அதிகம் பயன்பட்டது அந்தப் பாத்திரத் தாள்தான். 'வலிமை', 'சாமர்த்தியம்', 'பையில் இருப்பது' என்று கட்டம் போட்ட ஒரு பக்கம், அவ்வளவுதான். ஒரு தமிழ் ஆசிரியை அதை நகலெடுத்துத் தன் சனிக்கிழமை வகுப்பில் கொடுத்திருக்கிறார்.

மனிதர்களை எழுதும்போது உருவத்தை விட்டுவிட்டு, அவருக்கு என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள். "வெள்ளைச் சேலை, சுருங்கிய முகம், கூர்மையான கண்" என்பதை வைத்துக்கொண்டு கேம் மாஸ்டர் ஒன்றும் செய்ய முடியாது. "பஸ் ஸ்டாப்பில் சமூசா விற்கும் பாட்டி. யாருக்கும் கடன் கொடுக்கமாட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கூடையையே கொடுத்துவிடுவாள்." இந்தப் பாட்டியை வைத்து ஒரு மாலை முழுக்க ஆடலாம்.

எதைப் போடக்கூடாது?

நீங்கள் கற்பனை செய்த ராஜ்ஜியத்தின் ஆயிரம் வருட வரலாறு வேண்டாம். உங்கள் குழு போன மாதம் ஆடியதன் முழுக் கதையும் வேண்டாம். அந்த ஆட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கத்திய ஒரு இடம் இருந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் எடுத்து, வேறொருவர் தன் ஆட்டத்தில் வைத்துக்கொள்ளும்படி எழுதினால் அது நல்ல பக்கம்.

எத்தனை பக்கம் வரணும்?

பதினாறு. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம் கிடைக்கும், அதனால் பக்கக் கணக்கு எப்போதும் நான்கின் மடங்காகத்தான் வரும். பதினாறுக்கு நான்கே தாள். சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் ஒன்று யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கம் கூடக் கூட உள்தாள்கள் ஓரத்தில் பிதுங்கி நிற்கும், அப்புறம் வெட்டிச் சீராக்கக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

வரைபடத்தை நடுப்பக்கத்தில் வையுங்கள். பதினாறு பக்க இதழில் எட்டும் ஒன்பதும் மட்டும்தான் ஒரே தாளில் அருகருகே வரும். எங்கள் முதல் இதழில் வரைபடத்தை நான்கு, ஐந்தில் போட்டுவிட்டோம். அவை இரண்டு வேறு தாள்கள். ஆற்றின் பாதி மேலேயும் மறுபாதி விரல் அகலம் கீழேயும் நின்றன. பாலம் மடிப்புக்குள் போய்விட்டது. சாகசமே அந்தப் பாலத்தில்தான் நடக்கிறது.

சாகசம் எவ்வளவு நீளம் எழுதலாம்?

நான்கு ஏ5 பக்கத்துக்குள். மூன்று அல்லது நான்கு இடங்கள், ஒரு சிக்கல், அதைத் தீர்க்கக் குறைந்தது இரண்டு வழி. மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டும், ஏனென்றால் யாராவது ஒருவருக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிடும்.

கேம் மாஸ்டர் வாய்விட்டு வாசிக்க வேண்டிய பகுதியை மிகவும் சுருக்குங்கள். கரும்புத் தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்கிய பழைய பேரக்ஸ் ஒன்றை நான் பதினான்கு வரியில் வருணித்திருந்தேன். ஆடிப் பார்த்தபோது நாலாவது வரியில் ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். ஏழாவது வரியில் இரண்டு பேர் பகடையை அடுக்கி கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வரியாக்கினேன்: "வரிசையாக எட்டு அறை. ஏழில் கதவில்லை. எட்டாவது அறையில் உள்ளேயிருந்து தாழ் போட்டிருக்கிறது." அடுத்த வாரம் வேறு குழுவுக்கு இதை வாசித்து முடிப்பதற்குள் "கதவைத் தட்டுறேன்!" என்றாள் ஒரு சிறுமி. எழுதியவர் அல்லாத ஒருவர் நடத்தி, ஒரு தடவையாவது ஆடிப் பார்க்காத சாகசத்தை நாங்கள் இப்போது அச்சுக்கு எடுப்பதில்லை.

அட்டவணைக்கு எத்தனை வரி வேணும்? எந்தப் பகடை?

எல்லா வரிக்கும் சம வாய்ப்பு வேண்டுமென்றால் ஒற்றைப் பகடை. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் நூற்றுக்கு ஐந்து. ஆனால் புதிதாக ஆடுகிறவர்களிடம் இருபது முகப் பகடை இருக்காது. வீட்டில் லூடோ பெட்டியில் இருக்கும் ஆறு முகப் பகடை இரண்டை வைத்தே அட்டவணை போடுங்கள்.

இரண்டையும் கூட்டினால் 2 முதல் 12 வரை பதினொரு வரி. இதில் எல்லா எண்ணும் சமமில்லை. மொத்தம் 36 வழியில் 7 வருவது ஆறு வழியில், 2ம் 12ம் வருவது ஒவ்வொரு வழியில் மட்டும். ஆகவே அன்றாடம் நடப்பதை நடுவிலும், வாழ்நாளில் ஒருமுறை நடப்பதை இரண்டு முனையிலும் வைக்க வேண்டும். எங்கள் 'சாட்ஸ்வர்த் மாலை நேரம்' அட்டவணையில் 7 குரங்குக் கூட்டம்: சமையலறை ஜன்னல் வழியாக ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். 6 மின்சாரம் போய்விட்டது. 8 எங்கோ கரும்பு எரிக்கிறார்கள், காய்கிற துணியில் கரி விழுகிறது. 12 பல வருடம் முன் காணாமல் போனவர் அதே சட்டையோடு பேவியூ ஸ்டேஷனில் இறங்குகிறார். மூன்று இதழிலும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் அந்த 12 விழுந்தது. அந்தச் சட்டையைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பகடையைக் கூட்டாமல், ஒன்றைப் பத்தாம் இடமாகவும் மற்றதை ஒன்றாம் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 வரி கிடைக்கும், அத்தனைக்கும் சம வாய்ப்பு. பெயர்ப் பட்டியலுக்கு இது பொருத்தம்.

நம்ம ஊர் விஷயத்தை யாரு ஆடுவாங்க? பசங்களுக்கு டிராகன்தான வேணும்?

டிராகனும் இருக்கட்டும், ஆனால் அதைப் பதினோரு யூனிட்டாகப் பிரிந்த சாட்ஸ்வர்த்தின் மலைச்சரிவில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். ஒரு கோட்டையின் உள்ளே எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் என்னிடம்தான் கேட்க வேண்டும். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலாக் கடை எந்தப் பக்கம், ஒருவர் துரத்தினால் எந்தச் சந்தில் நுழையலாம் என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். இடம் தெரிந்தால் ஆடுகிறவர் தைரியமாகத் திட்டம் போடுகிறார். இதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறேன்.

அப்புறம், வேறு எந்த நாட்டு இதழும் இதை எழுதித் தரப்போவதில்லை. ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் நம் பன்னி சௌவைச் சாப்பிட்டால் எவ்வளவு உடல்பலம் திரும்பும் என்ற விதியை நாம் எழுதாமல் யார் எழுதுவார்கள்?

பாதிப் பேருக்குத் தமிழ் பேசினா புரியும், படிக்க வராது. அவங்களுக்கு எப்படி?

எங்களுக்கும் அதே நிலைமைதான், இதற்காகவே இதழின் அமைப்பை மாற்றினோம். ஆடுகிறவர் படிக்க வேண்டியது குறைவாகவும், கேம் மாஸ்டர் வாசித்துக் காட்டுவது தமிழாகவும் இருக்கிறது. மேசையில் ஒருவருக்குத் தமிழ் படிக்க வந்தால் போதும், மற்ற ஐந்து பேரும் காதால் கேட்டு ஆடுவார்கள். வாசிக்கும் பகுதியை மிகவும் சுருக்குங்கள் என்று முன்பு சொன்னதற்கு இது இன்னொரு காரணம். பாத்திரத் தாளில் தமிழ்ச் சொல்லுக்குக் கீழே ஆங்கிலமும் சின்ன எழுத்தில் போடுகிறோம்.

முழுக்க ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமே என்றும் சிலர் சொல்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் நாட்டு அரசியல் சட்டமே, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாட்டியிடம் இரண்டு சொல்லுக்கு மேல் தமிழில் பேசாத பெண், ஆட்டத்தில் வணிகரிடம் பேரம் பேச வேண்டி வந்தபோது அரை மணி நேரம் தமிழிலேயே பேசினாள். எனக்கு இதழ் போட அது போதும்.

அச்சுல தமிழ் எழுத்து சரியா வருமா?

இரண்டு விஷயம் பாருங்கள். எழுதித் தருகிறவர்கள் யூனிகோடில் தர வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டியது வேறு கணினியில் குப்பையாக விரியும். அடுத்தது, எழுத்தின் அளவு பதினொரு பாயிண்ட்டுக்குக் கீழே போகக்கூடாது, பின்னால் சாம்பல் நிறப் பூச்சும் கூடாது. மின்சாரம் போன இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடியவர்களுக்கு இது தெரியும்.

நகலெடுக்கும்போது மை மங்கினால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. எங்கள் இரண்டாவது இதழில் ஒரு புதிர்: பூட்டிய கதவில் 'கல்' என்று செதுக்கியிருக்கும். கல்லைத் தேடி அலைகிறவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கல் என்றால் படி, கற்றுக்கொள் என்றும் பொருள் என்று பிடிக்கிறவர்கள் பக்கத்துச் சுவரில் இருப்பதைப் படிப்பார்கள், கதவு திறக்கும். பாதிப் பிரதிகளில் புள்ளி உதிர்ந்து 'கல' என்று வந்துவிட்டது. ஒரு குழு கையில் இருந்த எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து கதவில் ஊற்றிக்கொண்டிருந்ததாம். மீதிப் பிரதிகளில் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தேன்.

எனக்கு வரைய வராது. கம்ப்யூட்டர்ல ஏஐ படம் போட்டுக்கலாமா?

நாங்கள் போடுவதில்லை. பென்சிலால் ஒரு பிள்ளை வரைந்த கோணல் வீடு இருந்தால், அந்தப் பிள்ளையின் வகுப்பே இதழைக் கேட்டு வாங்கும். பழைய படம் வேண்டுமென்றால், இந்த நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்து ஐம்பது வருடம் கடந்திருக்க வேண்டும்.

பெரிய ஆட்டத்தோட விதிகளை அப்படியே எடுத்துப் போடலாமா?

விதி எப்படி வேலை செய்கிறது என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொல்லியிருக்கும் வாக்கியம், படம், பெயர்ச் சின்னம் ஆகியவை சொந்தம். "இருபது முகப் பகடை உருட்டி, குறித்த எண்ணைத் தாண்டினால் வெற்றி" என்று உங்கள் சொல்லில் எழுதலாம். புத்தகத்துப் பத்தியை மொழிபெயர்த்துப் போடக்கூடாது, மொழிபெயர்ப்பும் நகல்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது. 2000இலிருந்து ஒரு திறந்த உரிமத்தின் கீழ் அதன் அடிப்படை விதிகளை மற்றவர்கள் பயன்படுத்தி வந்தார்கள். 2023 ஜனவரியில் உரிமையாளர்கள் அந்த உரிமத்தை மாற்றப் பார்த்தார்கள். ரசிகர்கள் பெரிதாக எதிர்க்கவே, அதே மாதம் எஸ்ஆர்டி 5.1 என்ற சுமார் 400 பக்க விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அந்தத் தொகுப்பில் இருப்பதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அவர்கள் கேட்கும் நன்றிக் குறிப்பை மட்டும் இதழில் அச்சிட வேண்டும். தொகுப்பில் இல்லாத அரக்கர், ஊர், கதாபாத்திரம் எதையும் தொடாதீர்கள். பாத்திரத் தாளுக்கும் இது பொருந்தும், அவர்கள் தாளை நகலெடுக்காமல் நீங்களே கட்டம் போடுங்கள்.

சாமியெல்லாம் ஆட்டத்துல வரலாமா? முனீஸ்வரனை ஒரு பாத்திரமா வச்சா தப்பா?

கோயில் வரலாம், திருவிழா வரலாம், ஆடிக் கஞ்சி ஊற்றும் இடத்தில் யாரோ ஒருவர் தகவல் சொல்லலாம். சாமிக்கு உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், போடாதீர்கள். எண் போட்ட உடனே, அடித்து வீழ்த்த முடியும் என்று ஆகிவிடுகிறது. எங்கள் இதழில் முனீஸ்வரன் எல்லைக்கல்லாக மட்டும் இருக்கிறார்: அவர் இருக்கும் மரத்தைத் தாண்டிக் கெட்டது எதுவும் வராது, அவ்வளவுதான் விதி.

பக்கத்தில் வாழும் ஜூலு மக்களின் நம்பிக்கைக்கும் அதே மரியாதை. தோக்கொலோஷே என்ற குள்ளப் பேயைச் சும்மா அரக்கன் பட்டியலில் சேர்த்துவிடுவது எளிது. அதற்குப் பயந்து கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்திய வீடுகள் இங்கே உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் மேசையில் உட்கார்ந்து ஆடும்படி எழுத முடியுமானால் மட்டும் எழுதுங்கள்.

கப்பல்ல வந்த நம்ம முன்னோர் கதையை வச்சு ஒரு சாகசம் எழுதலாம்னு இருக்கேன். சரியா வருமா?

வரும், கவனமாகச் செய்தால். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். இந்த எண்களே ஆட்டத்துக்கு விதியாகும்: கையில் பத்து ஷில்லிங், வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம், ஊருக்கு அனுப்பக் கொஞ்சம். மாதக் கடைசியில் பாத்திரத் தாளில் என்ன மிச்சம் என்று ஆடுகிறவர் தானே கூட்டிப் பார்க்கும்போது வரும் அமைதியை எந்த வருணனையாலும் கொண்டுவர முடியாது.

கப்பல் பட்டியல்களில் பெயர், எண், வயது, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துப் பாத்திரமாக்காதீர்கள். அவருடைய கொள்ளுப்பேத்தி உங்கள் தெருவிலேயே இருப்பாள். பெயர்களைக் கலைத்து, முன்பு சொன்ன 36 வரி அட்டவணையாக்குங்கள்.

1949 கலவரம், வீட்டைவிட்டு விரட்டினது, இதெல்லாம்?

எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்த பிறகு, டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மெகசின் பேரக்ஸிலிருந்து இங்கே சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பங்களின் கதையை நாங்கள் ஆடியிருக்கிறோம். லாரியில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்பதே அந்தச் சாகசம். முதல் வரியிலேயே "இதில் வீடு இழப்பது வருகிறது" என்று எழுதிவிட்டோம். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டையையும் வைத்தோம். யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைத் தொடுவார்கள், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுவோம். இப்படிப்பட்ட சாகசம் போட்டால் அந்த அட்டையையும் வெட்டி எடுக்கும்படி இதழிலேயே அச்சிடுங்கள்.

1949இல் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த அந்தக் கலவரத்தை நான் எழுதமாட்டேன். இரண்டு பக்கத்திலும் செத்தவர்களை நினைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. பகடை உருட்டி முடிவு பார்க்கும் விஷயமாக அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

காசுக்கு விற்கலாமா? எங்கேயாவது பதியணுமா?

தாள், நகல், ஸ்டேப்ளர் ஊசி இவற்றின் செலவு வருகிற அளவுக்கு விலை வைக்கிறோம். 1997ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல், இதழ்களின் பிரதிகள் குறிப்பிட்ட சில நூலகங்களுக்குப் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ம்சுண்டுசி நூலகம் அவற்றில் ஒன்று. எத்தனை பிரதி, எங்கெங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். நூறு வருடம் கழித்து ஒருவர் அங்கே போய், டர்பன் பிள்ளைகள் தமிழில் என்ன ஆடினார்கள் என்று எடுத்துப் பார்க்கலாம்.

முதல் இதழ் வந்தாச்சு. ரெண்டாவதுக்கு யாருமே எழுதித் தரமாட்டேங்கிறாங்க அக்கா, என்ன செய்ய?

"கட்டுரை எழுதித் தா" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள். ஆட்டம் முடிந்து மேசையைத் துடைக்கும்போது, கேம் மாஸ்டர் கையில் இருக்கும் நோட்டைக் கேளுங்கள். எங்கள் இரண்டாவது இதழின் பெயர் அட்டவணை அப்படி வந்ததுதான். என் அக்கா மகனின் கணக்கு நோட்டில், வகுத்தல் கணக்குக்குக் கீழே பென்சிலால் பன்னிரண்டு திருடர்களின் பெயரும், ஒவ்வொருவருக்கும் எதைக் கண்டால் பயம் என்பதும் எழுதியிருந்தது. ஐந்தாவது திருடனுக்குக் கோழி என்றால் பயம். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி, அவன் கையெழுத்துப் பக்கத்தையே படமெடுத்து எதிர்ப்பக்கத்தில் போட்டோம். மூன்றாவது இதழுக்கு ஆறு நோட்டு வந்தது.